ஃப்ரெண்ட்ஸ் தேடுற ஆப் பிரீமியம் எடுக்கலாமா? ரொம்ப நாளா யூஸ் பண்றவ சொல்றேன்

தங்கச்சியோட காலேஜ் தோழி ஒருத்தி நேத்து மெசேஜ் பண்ணிருந்தா. வேலைக்காக புது ஊருக்கு வந்திருக்கா, ஆபீஸ் விட்டா ரூம் ரூம் விட்டா ஆபீஸ்னு போகுது, "அக்கா, நீங்க வெச்சிருக்கீங்களே ஃப்ரெண்ட்ஸ் தேடுற ஆப், பிரீமியம் பாதி விலைக்கு போட்டிருக்காங்க, எடுக்கலாமா"ன்னு கேட்டிருந்தா. அவளுக்கு டைப் பண்ண ஆரம்பிச்சது நீளமாயிடுச்சு, சரி எல்லாருக்குமே ஆகட்டும்னு போடுறேன். ஆப் பேர் வேண்டாம். போட்டோ, வயசு, பிடிச்ச விஷயம், பிடிச்சா வலது பக்கம் தள்ளு, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

நல்லத முதல்ல சொல்லிடுறேன். பொண்ணுங்களுக்கு பொண்ணுங்க மட்டும்னு வெச்சுக்கலாம், செல்ஃபி எடுத்து வெரிஃபை பண்ண சொல்றாங்க, ஒரு தடவ ஒரு ஆள ரிப்போர்ட் பண்ணப்போ உடனே தூக்கிட்டாங்க. அதவிட பெருசு, "எனக்கு பேச ஆள் இல்ல, ஃப்ரெண்ட்ஸ் வேணும்"னு கூச்சமில்லாம சொல்ல ஒரு இடம் இருக்கறது. நேர்ல யார்கிட்ட போய் இத கேப்போம் சொல்லுங்க.

ஆனா எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறாத கடுப்பு ஒண்ணு இருக்கு. என் சாட் லிஸ்ட திறந்தா வரிசையா இதேதான்: ஹாய், ஹாய், எப்படி இருக்கீங்க, நல்லா இருக்கேன் நீங்க, நானும், என்ன பண்றீங்க, வேலை பாக்கறேன், ஓ சூப்பர். அதோட நின்னுடும். யாரும் கெட்டவங்க இல்ல, ரெண்டு பேருக்குமே அடுத்து என்ன பேசறதுன்னு தெரியல, அவ்ளோதான். அந்த நேரம் பாத்து டிங்குனு ஒரு நோட்டிஃபிகேஷன், "உங்க பக்கத்துல புது ஆட்கள் வந்திருக்காங்க"ன்னு. எனக்கு எதுக்கு இன்னும் புது ஆட்கள், ஏற்கெனவே பேசின ஒருத்திய ரெண்டாவது தடவ மூணாவது தடவ பாக்க வழி பண்ணா போதாதா? அதுக்கு இந்த ஆப்ல ஒரு பட்டன் கூட கிடையாது, பிரீமியத்துல கிடைக்கறதும் இன்னும் நிறைய புது முகம்தான்.

ஜெஃப்ரி ஹால்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் 2018ல இத பத்தி ஆய்வு பண்ணி ஒரு கணக்கு சொன்னாரு. சும்மா தெரிஞ்சவங்க ஓரளவு ஃப்ரெண்ட் ஆகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்கணுமாம், ஃப்ரெண்டுன்னே சொல்ற அளவுக்கு வர 90 மணி நேரம் கிட்ட, நெருக்கமான ஃப்ரெண்ட் ஆக 200க்கு மேல. ஒருத்திய ஒரே ஒரு தடவ ரெண்டு மணி நேரம் பாத்துட்டு "செட் ஆகல"ன்னு வர்றோமே, அது எப்படி செட் ஆகும்? இதுக்கும் ரொம்ப முன்னாடி, 1950ல வெளிவந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவுல எம்.ஐ.டி.ங்கற பல்கலைக்கழகத்தோட மாணவர் குடியிருப்புல பண்ணது. அங்க யார் யாருக்கு ஃப்ரெண்ட்னு பாத்தா அதிகமா வந்தது பக்கத்து கதவுக்காரங்கதான், கீழ் வீட்டுல மாடிப்படி ஓரமா இருந்தவங்களுக்கு மாடி வீட்டு ஃப்ரெண்ட்ஸும் அதிகம். தேடிப் பிடிக்கல, போக வர கண்ணுல பட்டுட்டே இருந்தாங்க.

இப்போ அதே ஆப்ல யாரும் கண்டுக்காத ஒரு மூலைய பத்தி சொல்லணும். கீழ குரூப்ஸ்னு ஒண்ணு இருக்கு. அதுல ஞாயித்துக்கிழமை காலைல ஓடற ஒரு குரூப்ல சேர்ந்தேன், எனக்கு ஓட்டம் மேல பெரிய ஆசைலாம் இல்ல, வாரா வாரம் அதே இடம் அதே நேரம்னு போட்டிருந்தாங்க, அது போதும்னு தோணுச்சு. ஓடும்போது மூச்சு வாங்குமே தவிர யாரும் பேச மாட்டாங்க. முடிஞ்சதும் எல்லாரும் படிக்கட்டுல உக்காந்து ஷூ லேஸ அவுத்துட்டு எந்திரிக்காம ஒரு அரை மணி நேரம் சும்மா இருப்பாங்க பாருங்க, மொத்தமும் அங்கதான் இருக்கு. ஒரு வாரம் முட்டி வலிக்குதுன்னு யார்கிட்டயோ சொல்லியிருந்தேன், அடுத்த வாரம் நான் சரியா பேர் கூட தெரிஞ்சுக்காத ஒரு பொண்ணு வந்து "முட்டி எப்படி இருக்கு"ன்னு கேட்டா. ஆப்ல அத்தனை பேர்கிட்ட சாட் பண்ணதுல இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்ல. இப்போ ஒரு வாரம் போகலன்னா மதியத்துக்குள்ள போன் வந்துடும், ஏன் வரலன்னு.

ஓட்டம்தான்னு இல்ல, பேட்மிண்டன், போர்டு கேம்ஸ், பாட்டு கிளாஸ், ரத்த தான முகாம்ல வாலண்டியர், எதுவா வேணா இருக்கட்டும், அதே முகங்க திரும்ப வரணும், முடிஞ்ச உடனே எல்லாரும் கிளம்பி ஓடாத இடமா இருக்கணும். குறைஞ்சது ரெண்டு மாசம் விடாம போ. முதல் தடவ போகும்போது ஆளுங்க இருக்கற இடமான்னு பாத்துக்கோ, எங்க போறேன்னு வீட்டுல யார்கிட்டயாவது சொல்லிட்டு போ, பழகின கொஞ்ச நாள்லயே காசு கேக்கறவங்கள யோசிக்காம பிளாக் பண்ணிடு.

அந்த குரூப்ப காட்டினதே இந்த ஆப்தான், அதுக்கு என்னைக்கும் நன்றி உண்டு. ஆனாலும் 5க்கு 2 ஸ்டார்தான் குடுப்பேன், ஏன்னா அவ்ளோ நல்ல விஷயத்த கீழ ஒளிச்சு வெச்சுட்டு, தனியா கிடக்கற சின்ன பசங்ககிட்ட இன்னும் நாலு புது முகத்த காட்டறேன்னு காசு கேக்கறாங்க. குரூப்ஸ் ஃப்ரீதான்மா, அத மட்டும் பாரு. பிரீமியம் பாதி விலை என்ன, சும்மா குடுத்தாலும் வேண்டாம்.