செம்பருத்தியா, இட்லிப்பூவா?

இரண்டும் பல ஆண்டு நிற்கும். நன்றாகப் பூக்கத் தினம் 6 மணி நேர வெயில் வேண்டும். செம்பருத்திப் பூ பெரிது, ஆனால் பெரும்பாலும் ஒரே நாளில் வாடும். இட்லிப்பூக் கொத்து வாரக்கணக்கில் நிற்கும். பூச்சியோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லையென்றால் இட்லிப்பூதான்.

செம்பருத்திக்குத் தலைவலி மாவுப்பூச்சி. தளிர் நுனியில் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் அந்த நுனியை வெட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு 1 லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்புறம் நனைய மாலையில் தெளியுங்கள். தொட்டி மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் சொதசொதவென்று கிடந்தால் மொட்டு உதிரும்.

இட்லிப்பூவின் வம்பு வேறு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் யூரியாவைக் கொட்டாதீர்கள். பெரும்பாலும் காரமண்ணில் இரும்புச்சத்து கிடைக்காததுதான் காரணம். கீலேட் இரும்பு, அதாவது செடி எளிதில் உறிஞ்சும் வடிவிலான இரும்பு உரம், கொடுங்கள். கவாத்தை, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவதை, பூ முடிந்த கையோடு செய்யுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த கொத்து வரவேண்டிய நுனியே வெட்டுப்படும்.