பூத் ஏஜென்டாக உட்கார்ந்து பார்த்த எங்கள் ஊர் வாக்குச்சாவடி

ஹோட்டலுக்கும் பஸ் கம்பெனிக்கும் விமர்சனம் எழுதுகிறோம். வாக்குச்சாவடியில் நமக்குக் கிடைக்கும் சேவையைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் முதல்முறையாகப் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன். எந்தக் கட்சிக்கு என்பது இங்கே தேவையில்லை. உள்ளே போகும்போது வாக்குப்பதிவு இயந்திரத்தின் மேல் எனக்குப் பாதிச் சந்தேகம் இருந்தது.

காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் தலைமை அலுவலர் ஒரு பள்ளி ஆசிரியை. முந்தின நாள் சாயங்காலம் இயந்திரத்தோடு வந்து, ஒரே ஒரு ஃபேன் ஓடும் வகுப்பறையில் ராத்திரி முழுக்கத் தங்கியவர். ஏஜென்டுகள் ஆளாளுக்கு மாறி மாறிப் பொத்தானை அழுத்தினோம். ஓட்டுகளைக் கணக்கு வைக்கும் கண்ட்ரோல் யூனிட்டில் வந்த எண்ணிக்கையைப் படித்துக் காட்டிவிட்டு, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சடிக்கும் விவிபேட் சீட்டுகளை மேஜையில் பரப்பிச் சின்னவாரியாகச் சத்தமாக எண்ணினார். நடுவில் எங்களில் ஒருவர், "மேடம், ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார். அவர் முகம் சுளிக்கவில்லை. "சரி சார், முதல்ல இருந்து எண்ணிடலாம்" என்று எல்லாச் சீட்டையும் மறுபடி கலைத்து எடுத்தார். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் அழித்து, பூஜ்யம் காட்டுவதை எங்கள் ஒவ்வொருவரிடமும் நீட்டினார். மாதிரிச் சீட்டுகள் கறுப்பு உறைக்குள் போயின. சீல் வைத்த தாளில் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். என்னுடைய பாதிச் சந்தேகம் அந்த மேஜையிலேயே போய்விட்டது.

குறை என்று சொன்னால் வாக்காளர் பட்டியல்தான். மதியம் ஒரு கொத்தனார், வெளியூரில் வேலையை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் அடையாள அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. வாசலில் இருந்த பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அகரவரிசைப் பட்டியலை இரண்டு முறை தேடிக் கொடுத்தார். படிவம் 6 எழுதிக் கொடுத்தால் அடுத்த தேர்தலுக்குப் பெயர் வரும் என்றார். அந்த மனிதருக்கு அன்றைக்கு அது எப்படிப் பதிலாகும்? "எம் பேரை எடுத்தது யாரு?" என்று கேட்டுக்கொண்டே போனார். பெயரை நீக்கும் முன் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நம்பிக்கை உடைகிற இடம் இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

சாய்தளம், குடிதண்ணீர், பந்தல் எல்லாம் இருந்தன. கழிப்பறை மோசம்.

மாலை ஆறு மணிக்கு முடிந்தது. ஓட்டுப் போட வந்தவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் 743 பேர், இயந்திரத்திலும் 743. அதை ஆசிரியை 17சி படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, எங்களுக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்தார். இதன் அருமை எனக்கு மறுநாள்தான் புரிந்தது. தேர்தல் நாளன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு 72.09 சதவீதம் என்று அறிவித்தவர்கள், அப்புறம் அதை 69.46 என்று குறைத்தார்கள். டீக்கடையில் ஒரே பேச்சு, "ஓட்டு எங்கே போச்சு?" என்று. முதலில் சொன்னது உத்தேசக் கணக்கு என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பையிலிருந்து 17சி நகலை எடுத்து மேஜையில் வைத்தேன். நம்ம பூத்தில் இவ்வளவுதான், இது கூடவும் முடியாது, குறையவும் முடியாது என்றேன். பேச்சு அடங்கி, ஒவ்வொருவராக வாங்கிப் படித்தார்கள்.

அந்த ஆசிரியைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். பட்டியலுக்கு இரண்டுதான். அடுத்த தேர்தலில் ஏஜென்டாக உட்காருகிறவர்கள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் 17சி நகலை வாங்காமல் வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். ஜூன் 4 அன்று வாக்கு எண்ணும் மேஜையில் இயந்திரத்தின் மொத்தத்தை அதோடுதான் ஒத்துப் பார்த்தார்கள்.