பெம்பிகஸ் கொப்புளத்தை வேரோடு எடுப்பதாகச் சொன்னவரை நம்பினோம்

அம்மாவுக்கு முதலில் வந்தது வெறும் வாய்ப்புண். ஐந்து மாதம் ஆறவில்லை. வைட்டமின் குறைவு என்றார் ஒருவர். பல் குத்துகிறது என்று ராவிவிட்டார் இன்னொருவர். முதுகில் தொட்டாலே உடையும் தொளதொளப்பான கொப்புளங்கள் வந்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் கொப்புளத்தின் ஓரத்தில் விரலால் லேசாகத் தேய்த்தார். தோல் வழுகி உரிந்தது.

பயாப்சியில், அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனையில், பெம்பிகஸ் வல்காரிஸ் என்று வந்தது. தோலின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் டெஸ்மோக்ளீன் என்ற புரதத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தியே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. ஒட்டு விட்டுப்போன இடத்தில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. இது தொற்றாது. இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதயோபிரினும் தொடங்கிய சில வாரங்களில் புதுக் கொப்புளம் வருவது நின்றது. ஆனால் முகம் ஊதியது, தூக்கம் போனது, சர்க்கரை ஏறியது. அம்மா கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டார். அந்தச் சோர்வில் இருந்தபோதுதான் தெரிந்தவர் ஒருவர் அந்த "நிபுணரின்" எண்ணைக் கொடுத்தார்.

அவர் அம்மாவை நேரில் பார்க்கவே இல்லை. போட்டோ அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். "ரத்தத்தில் அசுத்தம். ஸ்டீராய்டு விஷம், இன்றே நிறுத்துங்கள். 45 நாளில் வேரோடு போய்விடும்" என்றார். வந்த பொட்டலங்களில் பெயர் இல்லை, என்ன கலந்தது என்ற விவரம் இல்லை. கேட்டால் குடும்ப ரகசியமாம். மாத்திரைகளை எடுத்து அலமாரியில் வைத்தது நான்தான்.

மூன்றாம் நாள் அம்மாவால் எழுந்து உட்கார முடியவில்லை. ஓயாத வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும்போது அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அந்தச் சுரப்பி சுரக்கும், உடம்புக்கு வேண்டிய கார்டிசோல் என்ற ஹார்மோன் எங்கிருந்தும் கிடைக்காது. உயிரே போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

மருத்துவமனையில் அதைச் சரிசெய்து மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். ஆனால் நோய் அதற்குள் கிளம்பிவிட்டது. தலை, மார்பு, முதுகு எல்லாம் கொப்புளம். விரிப்பில் தோல் ஒட்டிக்கொண்டு வரும்போது அம்மா கத்துவார். அந்த "நிபுணருக்கு" போன் செய்தேன். "கெட்டது வெளியே வருகிறது, நல்ல அறிகுறி" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

தோல் உரிந்த இடமெல்லாம் கிருமி புகும் வாசல், உடம்பின் நீரும் அதன் வழியே வடிந்துபோகும். தீக்காயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பிறகு ரிட்டுக்சிமாப் ஊசி போட்டார்கள். இந்த நோய்க்கு அமெரிக்கா 2018-இல் அனுமதித்த மருந்து அது. இப்போது புதுக் கொப்புளம் இல்லை, மாத்திரை அளவும் மெல்ல இறங்குகிறது.

வாய்ப்புண் வாரக்கணக்கில் ஆறாவிட்டால் பயாப்சி பற்றிக் கேளுங்கள். இரண்டு துண்டு எடுப்பார்கள். அதில் கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலிலிருந்து எடுப்பது, தோலைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் சோதனைக்கு. அதை, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் இந்தச் சோதனைக்கு வீணாகிவிடும். எடுக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தப்பில்லை.

போன வாரம் அந்த ஆளின் விளம்பரம் கண்ணில் பட்டது. "சிகிச்சைக்கு முன்" என்று கொப்புளம் நிறைந்த ஒரு முதுகு, பக்கத்தில் "சிகிச்சைக்குப் பின்" என்று சுத்தமான முதுகு. முதல் படம் நான் அனுப்பியது. அம்மாவின் வலது தோளுக்குக் கீழே பெரிய மச்சம் உண்டு. இரண்டாவது படத்தில் அது இல்லை.