போர் தண்ணீருக்கு எல்லோ லேபா, கிரிபென்சிஸா?

இரண்டுமே ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்கள். நான் எல்லோ லேப் வளர்க்கிறேன். பாளையங்கோட்டையில் போர் தண்ணீரை (ஆழ்துளைக் கிணற்று நீரை) நம்பியிருப்பவர் யார் கேட்டாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

அழகில் எதுவும் குறைந்ததில்லை. மஞ்சள் சேலைக்குக் கறுப்புக் கரை வைத்ததுபோல் எல்லோ லேபின் முதுகுத் துடுப்பு. முட்டையிடும் பருவத்தில் பெண் கிரிபென்சிஸின் வயிறு செக்கச் சிவக்கும். கிரிபென்சிஸ் ஜோடிக்கு இரண்டரை அடித் தொட்டி போதும்; எல்லோ லேப் கூட்டத்துக்கு நான்கடி வேண்டும்.

முடிவு செய்வது தண்ணீர்தான். எங்கள் தெருப் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும்; அவ்வளவு கடின நீர். எல்லோ லேபின் பூர்வீகமான மலாவி ஏரியில் பி.எச். (அமில, கார அளவு) ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை, காரத்தன்மை உள்ள தண்ணீர். ஆகவே வாரந்தோறும் கால் தொட்டியை மாற்றும்போது நேராகப் போர் தண்ணீரையே ஊற்றுகிறேன். தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை அடுக்கினால் பாறை இடுக்குகளில் வாழும் இந்த மீனுக்கு ஒளிய இடமும் ஆயிற்று, காரத்தன்மையும் குறையாது. கிரிபென்சிஸ் தெற்கு நைஜீரியா, கேமரூன் கரையோர ஓடைகளின் மீன். ஓரளவு கடின நீரைத் தாங்கும் என்றாலும், தண்ணீரின் அமிலத்தன்மையைப் பொறுத்துக் குஞ்சுகளில் ஆண் பெண் விகிதமே மாறிவிடும். அதற்காக ஒவ்வொரு முறையும் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து அளவு பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

பெண் எல்லோ லேப் முட்டைகளை வாயில் வைத்தே பொரிக்கும். தாடை புடைத்திருக்கும், மெல்லுவதுபோல் வாயை அசைத்து முட்டைகளைப் புரட்டும். மூன்று வாரத்துக்கும் மேலாக இரையைத் தொடாது. பக்கத்தில் இரை விழுந்தாலும் விலகிப் போவதைப் பார்க்க மனம் கலங்கும்.

ஒரு குறை: எல்லோ லேபுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் இல்லாமல் தீராது.

கிரிபென்சிஸை நண்பர் வீட்டில் பார்த்த பழக்கம் மட்டுமே எனக்கு. தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளை மேய்த்துச் செல்லும் காட்சியில் அதுதான் ஒரு படி மேல். பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றுத் தண்ணீர் வருகிறவர்கள் குளோரினைப் போக்கிவிட்டு அதைத் தாராளமாக வளர்க்கலாம். காருக்குறிச்சிச் சட்டியில் விளிம்பைக் கொஞ்சம் உடைத்துக் கவிழ்த்து வைத்தால் முட்டையிடக் குகை தயார். இரண்டையும் ஒரே தொட்டியில் மட்டும் விடாதீர்கள்.