பள்ளி மெயிலுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்: 2024 முதல் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் மெட்ரிக் பள்ளியின் டொமைனில் எஸ்பிஎஃப் (SPF), டிகிம் (DKIM), டிமார்க் (DMARC) மூன்றும் 2024 தொடக்கத்திலிருந்து ஓடுகின்றன. நம் பெயரில் வரும் மெயில் நிஜமாகவே நம்முடையதுதானா என்று பெறும் சர்வர் சரிபார்க்க உதவுபவை இவை: எஸ்பிஎஃப் என்பது நம் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல், டிகிம் என்பது மெயிலில் போடப்படும் டிஜிட்டல் கையெழுத்து, டிமார்க் என்பது இவை பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் கொள்கை. கம்ப்யூட்டர் லேபோடு சேர்த்து மெயில் நிர்வாகமும் என் பொறுப்பு என்பதால் ஆரம்பத்திலிருந்தே கூட இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்டிப்பாகச் செய்யுங்கள், இதற்கென்று தனியாகப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. டிஎன்எஸ்-ல் (டொமைனின் விவரங்களைப் பொதுவில் வைக்கும் பதிவேடு) ரெக்கார்டு சேர்ப்பது ஒரு மதிய நேரத்து வேலை. உங்கள் பள்ளியின் பெயரில் யார் யார் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடிப் பிடிக்கத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

எங்களிடம் இருப்பது சாதாரண அமைப்புதான். ஆசிரியர்களுக்கும் அலுவலகத்துக்கும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷனின் இலவசப் பதிப்பு, ஃபீஸ் ரசீதுக்கு வெளி நிறுவனம் ஒன்றின் சாஃப்ட்வேர், தனி ஹோஸ்டிங்கில் பள்ளி வெப்சைட்.

இதில் இறங்கக் காரணம், கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள். தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5000 மெயில் அளவுக்கு அனுப்பும் டொமைன் என்றால் மூன்றும் கட்டாயம் என்றது கூகுள். அதற்குக் குறைவாக அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். நாம் சின்னப் பள்ளிதானே என்று விட்டுவிட முடியாது. 1500 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அப்பா, அம்மா இருவருக்கும் ஒரு சர்குலர் போனாலே 3000, அன்றைக்கே ஃபீஸ் நினைவூட்டலும் போனால் 6000. ஒரே ஒரு நாள் அந்த எல்லையைத் தொட்டுவிட்டாலும் கூகுள் அந்த டொமைனை நிரந்தரமாக, பெருமளவில் மெயில் அனுப்புவோர் (பல்க் சென்டர்) பட்டியலில் வைத்துக்கொள்ளும், சப்டொமைனில் (முதன்மை டொமைனுக்குக் கீழே வரும் கிளைப் பெயர்) இருந்து போவதும் இதே கணக்கில்தான் சேரும். மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே மாதத்திலிருந்து அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே போன்ற விதியைக் கொண்டுவந்துவிட்டது.

விதியை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மெயில் அனுப்பப் பயன்படும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-ல் எழுதப்பட்டபோது, அனுப்புநர் இடத்தில் போட்டிருக்கும் முகவரி உண்மையா என்று சரிபார்க்க அதில் வழியே வைக்கவில்லை. பள்ளியின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, டேர்ம் ஃபீஸை இந்தப் புதிய எண்ணுக்கு அனுப்புங்கள் என்று எங்கள் அலுவலக முகவரியைப் போட்டு எவனோ ஒருவன் அனுப்பினால் எந்தப் பெற்றோர் சந்தேகப்படப் போகிறார்? பள்ளியை நம்பிப் பிள்ளையையே அனுப்புகிறவர்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதும் பள்ளியின் கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நிர்வாகத்திடம் விளக்குவது சுலபமாகவே இருந்தது. எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் ஹெட்டரும் (அனுப்புநர் பெயர்) டெம்ப்ளேட்டும் (செய்தியின் மாதிரி வடிவம்) ஏற்கெனவே பதிவு செய்திருந்தோம், மெயிலுக்கும் அந்த மாதிரி ஒன்று என்றதும் தாளாளர் சரி என்றுவிட்டார்.

முதல் முட்டுக்கட்டை டெக்னிக்கலானது இல்லை. டொமைனின் லாகின் யாரிடம் இருக்கிறது? பல வருடங்களுக்கு முன் வெப்சைட் செய்து கொடுத்தவரின் கணக்கில் டொமைன் இருந்தது, ஓடிபி அவருடைய பழைய எண்ணுக்குப் போனது. அதை மீட்டுப் பள்ளியின் பெயருக்கும் பள்ளியின் மொபைல் எண்ணுக்கும் மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். நீங்கள் இந்த வேலையை எப்போது தொடங்கினாலும் சரி, இந்த ஒன்றை இன்றைக்கே பார்த்துவிடுங்கள், ரினியூவல் தேதியோடு சேர்த்து.

எஸ்பிஎஃப்-ல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். ஹோஸ்டிங் நிறுவனம் போட்டது ஒன்று, கூகுளுக்காகப் போட்டது ஒன்று என்று இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அதை வைத்துச் செய்யும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது, இன்க்ளூடு (வேறொரு நிறுவனத்தின் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளும் குறிப்பு) ஒன்றுக்குள் இருக்கும் இன்க்ளூடும் அதில் சேரும். பார்க்கிறவன் போகிறவன் எல்லாரையும் அதில் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள்.

டிகிம்-தான் பலரும் பாதியில் விட்டுவிடும் இடம். கூகுள் அட்மின் கன்சோலில் கையெழுத்துக்கான 2048 பிட் கீயை உருவாக்கி டிஎன்எஸ்-ல் டெக்ஸ்ட் ரெக்கார்டாகப் போட வேண்டும். சில பழைய பேனல்கள் 255 எழுத்துக்கு மேல் ஒரே துண்டாக ஏற்காது, மேற்கோள் குறி போட்டு இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். சில பேனல்கள் பெயருக்குப் பின்னால் டொமைனைத் தானாகவே ஒட்டிக்கொள்ளும், நாமும் முழுப் பெயரைக் கொடுத்தால் டொமைன் இரண்டு முறை வந்து நிற்கும். அப்புறம் மறுபடி கன்சோலுக்கு வந்து ஸ்டார்ட் ஆதென்டிகேஷன் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாமல் விட்டாலும் ஜிமெயிலில் டிகிம் பாஸ் என்றே காட்டும் என்பதுதான் இதில் ஆபத்து. ஜிமெயிலில் அந்த மெயிலின் மெனுவில் ஷோ ஒரிஜினல் திறந்து பாஸ் என்பதற்குப் பக்கத்தில் எந்த டொமைன் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்: கேப்ஸ்எஸ்எம்டிபி டாட் காம் (gappssmtp.com) என்று முடிந்தால் அது கூகுளின் பொதுக் கையெழுத்து, உங்கள் பள்ளியினுடையது இல்லை.

இதே விஷயம்தான் ஃபீஸ் சாஃப்ட்வேரிலும் வந்தது. அந்த ரசீது மெயிலின் ஹெட்டரில் (மெயிலோடு மறைவாக வரும் விவரப் பகுதி) எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் மட்டும் ஃபெயில். நிறுவனத்தைக் கேட்டால், இரண்டு பாஸ் இருக்கிறதே சார், எங்கள் பக்கம் எல்லாம் சரி என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. சரியில்லை. எஸ்பிஎஃப் சோதிப்பது பெற்றோர் கண்ணுக்குத் தெரியும் முகவரியை அல்ல, திரும்பி வரும் மெயிலுக்காகப் பின்னால் வைத்திருக்கும் ரிட்டர்ன் பாத் முகவரியை. அதில் அவர்கள் டொமைன் இருந்தது, கையெழுத்தும் அவர்கள் டொமைனில் இருந்தது. தபால் உறையில் ஒரு கம்பெனியின் முகவரி, உள்ளே எங்கள் பள்ளி லெட்டர்ஹெட் என்ற கதை. டிமார்க் கேட்பது இந்த இரண்டில் ஒன்றாவது கண்ணுக்குத் தெரியும் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்று. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் இதை எழுத்தில் கேட்ட பிறகு எங்கள் டொமைனிலேயே கையெழுத்திட சிநேம் ரெக்கார்டுகள் (எங்கள் டொமைனிலிருந்து அவர்கள் டொமைனைச் சுட்டும் டிஎன்எஸ் பதிவுகள்) கொடுத்தார்கள், வேலை முடிந்தது. ரசீதுகளைத் தனி சப்டொமைனுக்கும் மாற்றிக்கொண்டோம், அதில் ஏதாவது பிரச்சினை வந்தாலும் முதல்வரின் மெயில் பாதிக்கப்படாது.

டிமார்க்கில் மூன்று நிலைகள்: நன் (எதையும் தடுக்காதே), குவாரண்டைன் (ஃபெயில் ஆனதை ஸ்பேமில் போடு), ரிஜெக்ட் (ஃபெயில் ஆனதை ஏற்காதே). அதை முதலில் நன் என்ற நிலையில் போட்டு அறிக்கைக்கு ஒரு முகவரி கொடுத்தால், கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களிடமிருந்து பெரும்பாலும் தினமும் எக்ஸ்எம்எல் கோப்புகள் சுருக்கப்பட்டு வரும். எந்த ஐபி முகவரியிலிருந்து உங்கள் பெயரில் எத்தனை மெயில், பாஸா ஃபெயிலா, அவ்வளவுதான் இருக்கும். மெயிலில் என்ன எழுதியிருந்தது என்பது இருக்காது. (பெற்றோர் தகவல் வெளியே போகுமா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள், நியாயமான கேள்வி.) அதைக் கண்ணால் படிக்க முடியாது, அட்டவணையாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த மூன்றில் மிகப் பயனுள்ளது இந்த அறிக்கைதான். அலுவலக ஸ்கேனர் பழைய ஹோஸ்டிங் சர்வர் வழியாக மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது இதில்தான் தெரிந்தது. முன்னாள் மாணவர் சங்கம் வேறொரு சேவையில் எங்கள் டொமைனைப் போட்டு அழைப்பிதழ் அனுப்பியதும் தெரிந்தது. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வெளிநாட்டு சர்வர்கள் சிலவும் எங்கள் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தன, எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் அந்த வரிகளைப் பார்த்ததும் ரிஜெக்ட் வரை போயே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்தபோது வெப்சைட்டின் அட்மிஷன் விசாரணைப் படிவமும் மாட்டியது. பெற்றோர் தட்டச்சு செய்யும் முகவரியையே அது அனுப்புநராகப் போட்டு எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. யாஹூ 2014 ஏப்ரலிலிருந்தே ரிஜெக்ட் கொள்கையில் இருக்கிறது, ஆகவே யாஹூ முகவரி கொடுத்த பெற்றோரின் விசாரணை எங்களுக்கு வந்தே சேரவில்லை. அனுப்புநர் பள்ளி முகவரி, ரிப்ளை டு இடத்தில் பெற்றோர் முகவரி என்று மாற்றியதும் சரியானது.

குவாரண்டைனுக்கு மாறுவதை மே மாத விடுமுறையில் செய்தோம். ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்திலோ ரிசல்ட் சமயத்திலோ இதில் கை வைக்காதீர்கள். பிசிடி என்ற அளவைக் கொண்டு முதலில் 25 சதவீத மெயிலுக்கு, பிறகு முழுவதற்கும் என்று ஏற்றினோம். அடுத்த அரையாண்டு விடுமுறையில் ரிஜெக்ட். புகார் வரும் என்று நினைத்தது ஃபார்வர்டு செய்து படிப்பவர்களிடமிருந்து. ஃபார்வர்டில் எஸ்பிஎஃப் உடைந்துவிடும், ஆனால் மெயிலை வழியில் மாற்றாத வரை டிகிம் கையெழுத்து தாக்குப்பிடிக்கும். அதனால்தான் டிகிம் ஒழுங்காக இல்லாமல் ரிஜெக்டுக்குப் போகவே கூடாது என்கிறேன். ஒரு சில குழு முகவரிகளில், தலைப்பில் குழுப் பெயரைச் சேர்ப்பவற்றில், பிரச்சினை வந்தது. அந்தப் பெற்றோரிடம் நேரடி முகவரி வாங்கிக்கொண்டோம்.

எதைத் தீர்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி இன்னொரு டொமைன் வாங்கி அனுப்புபவனை டிமார்க் தடுக்காது. முதல்வரின் பெயரைப் போட்டு ஏதோ ஒரு ஜிமெயில் கணக்கிலிருந்து வருவதையும் தடுக்காது. ஓர் ஆசிரியரின் பாஸ்வேர்டு திருடு போனால் அந்தக் கணக்கிலிருந்து போகும் மோசடி மெயில் மூன்று சோதனையிலும் பாஸ் ஆகும், ஆகவே இரண்டு படிச் சரிபார்ப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்கினோம், முணுமுணுப்பு இருந்தாலும்.

இன்பாக்ஸில் விழுவதற்கும் இது மட்டும் போதாது. ஸ்பேம் என்று புகார் செய்வோர் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். டிசி வாங்கிக்கொண்டு போன பிள்ளையின் பெற்றோருக்கு வருடக்கணக்கில் சர்குலர் அனுப்பினால் அவர் ஸ்பேம் பட்டனை அழுத்தத்தான் செய்வார். ஒவ்வொரு கல்வியாண்டு தொடக்கத்திலும் பட்டியலைச் சுத்தம் செய்கிறோம். ஸ்பேமில் கிடந்தது சார், பார்க்கவில்லை என்று ரசீதுக்காக அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

இப்போது வாரம் ஒரு முறை அறிக்கையைத் திறந்து புதிய ஐபி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. புதிய சாஃப்ட்வேர் எதுவாக இருந்தாலும், எங்கள் டொமைனில் டிகிம் கையெழுத்து போடுவீர்களா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வந்த பிறகுதான் கொட்டேஷனே அலுவலகத்துக்குப் போகிறது. பஸ் டிராக்கிங் ஆப் ஒன்று இப்போது பரிசீலனையில் இருக்கிறது, அவர்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.