நடு மெலிந்த கம்பியோடு இரண்டரை வருடம்

மானிப்பாயில் இருக்கும் நண்பன் போன கிழமை கேட்டான்: "சைக்கிள் பின்சில்லு புதுசாக் கட்டப் போறன், என்ன ஸ்போக் கம்பி போடலாம்?" கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முதல்நாள்தான் என் சைக்கிளைப் பன்னிரண்டு நாள் கழித்துக் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். கொஞ்சம் சூடாகவே பதில் சொல்லிவிட்டேன். அவனுக்கு நியாயமான பதில் ஒன்று வேண்டும் என்பதற்காக இதை ஆறுதலாக எழுதுகிறேன்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்து மோட்டார் சைக்கிளை ஓரம்கட்டினேன். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருந்து வேலணைக்குப் படிப்பிக்கப் போகிறவன் நான். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று போக வர ஏறக்குறைய 28 கிலோமீற்றர். ஏழு கியர் சைக்கிள், பின்சில்லில் 36 கம்பி, கரியரில் கொப்பிக் கட்டு. மூன்றாம் மாதம் முதல் கம்பி உடைந்தது. பிறகு இரண்டு கிழமைக்கு ஒன்று. எல்லாம் ஒரே இடத்தில்தான்: சில்லின் நடுவில் இருக்கும் ஹப்பின் துளைக்குள் வளைந்து நிற்கும் கழுத்தில். அநேகமாக வலது பக்கம்.

வலது பக்கம் என்பதுதான் என்னைப் படுத்திய பாடு. கியர்ப் பற்சக்கரங்கள் உள்ள பிறீவீலைக் கழற்றாமல் அந்தப் பக்கம் புதுக்கம்பி நுழையாது. கழற்ற அந்தந்தப் பிறீவீலுக்குப் பொருந்தும் பல்லுச் சாவி வேண்டும். இரண்டு கடைகளில் அது இல்லை. மூன்றாவது கடையில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பல் கூசியது.

அந்தக் கடையிலேயே சொன்னார்கள்: "தடிச்ச கம்பியாப் போடுங்கோ தம்பி, பிறகு வில்லங்கமே இல்லை." 13 கேஜ், அதாவது 2.3 மில்லிமீற்றர், நாகம் (துத்தநாகம்) பூசியது. முழுச் சில்லையும் அதில் கட்டுவித்தேன். 36 கம்பியையும் ஒரே நீளத்தில் போட்டுவிட்டார்கள். கியர் சில்லில் பிறீவீலுக்கு இடம் விட ஹப்பின் வலது விளிம்பு உள்ளே தள்ளி நிற்கும். அந்தப் பக்கக் கம்பி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் கட்டையாக இருக்க வேண்டும். இல்லாததால் கம்பி நுனி, அதை றிம்மில் இறுக்கும் நிப்பிளைத் தாண்டி வெளியே வந்து, றிம் நாடாவையும் குத்திக்கொண்டு போய் ரியூப்பில் ஏறியது. இரண்டு ரியூப் போன பிறகுதான் அரத்தால் ராவித் தந்தார்கள். ஐந்து மாதத்தில் இடது பக்கம் தளரத் தொடங்கியது, வலது பக்கம் திரும்பவும் உடைந்தது. பண்ணைக் கடலின் உப்புக்காற்றில் நாகப் பூச்சும் வெளுத்து, நிப்பிள் வாயில் செந்துரு கட்டியது.

அவர்கள் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்தபோது குடாநாட்டையே சுமந்தவை சைக்கிள்கள்தான். விறகு, அரிசி மூட்டை, முன்னும் பின்னும் பிள்ளைகள். 1995 இடப்பெயர்வில் நாவற்குழிப் பக்கம் வீட்டுச் சாமான் முழுவதையும் அதில் கட்டித் தள்ளிக்கொண்டு போன சனங்களில் என் அப்பாவும் ஒருவர். ஆனால் அவை பழைய றலி வகைச் சைக்கிள்கள்: பின்சில்லில் 40 கம்பி, கியர் இல்லை, ஆகவே இரண்டு பக்கக் கம்பிகளிலும் இழுவை கிட்டத்தட்டச் சமம். கியர் சில்லில் வலது பக்கம் மிக இறுக்கமாகவும் இடது பக்கம் தளர்வாகவும் நிற்கும். அந்த அனுபவத்தை இந்தச் சில்லுக்கு அப்படியே பொருத்த முடியாது.

இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் இணுவிலில் வீட்டுத் தாழ்வாரத்தில் வேலை செய்யும் ஒரு ஐயா. சில்லு கட்டும்போதே எல்லாக் கம்பியையும் இழுத்து இறுக்கியிருக்கிறோம். நாங்கள் ஏறி ஓடும்போது, நிலத்தைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே நிற்கும் சில கம்பிகள் மட்டும் கொஞ்சம் தளர்ந்து, சுழன்று மேலே போனதும் திரும்ப இறுகும். என் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 460 தடவை சுழலும். ஒரு நாளில் கிட்டத்தட்ட 13 ஆயிரம் தடவை. பாரம் தாங்காமல் கம்பி அறுவதில்லை. இந்தத் தளர்விலும் இறுக்கத்திலும் கழுத்து களைத்துப்போய் உடைகிறது.

அதனால் அவர் போடச் சொன்னது இரண்டு முனையிலும் 2.0, நடுவில் 1.8 மில்லிமீற்றர் உள்ள துருப்பிடிக்காத கம்பி. டிடி ஸ்விஸ் கொம்பெட்டிசன், சாபிம் ரேஸ் எல்லாம் இந்த வகைதான். மெலிந்தது எப்படி உறுதி என்று கேட்டேன். கணக்குப் போட்டால் தெரியும். 2.0 கம்பியின் குறுக்குப் பரப்பு 3.14 சதுர மில்லிமீற்றர், 1.8 என்றால் 2.54. அதே இழுவையில் மெலிந்த பகுதி கால்வாசி கூடுதலாக நீளும். றிம் கொஞ்சம் அமுங்கினாலும் கம்பியில் இழுவை மிச்சம் இருக்கும். கழுத்துக்கு அடி குறையும். 2.3 கம்பியின் பரப்பு 4.15. அது நீளுவதே குறைவு, சின்ன அமுக்கத்துக்கே தளர்ந்துவிடும். தளர்ந்தால் நிப்பிள் தானாகக் கழரும்.

நிப்பிள் பித்தளையில்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அலுமினியம் பாரம் குறைவுதான், ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடிக்காத உருக்கோடு சேர்ந்தால் அரித்து இறுகிவிடும். கட்டி முடித்ததும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் பலமாக நெரித்தார். கழுத்து துளையில் நன்றாகப் படிய வேண்டுமாம். பிறகு ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் கேட்டார். தவிலும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர். ஒரு பக்கத்துக் கம்பி முழுவதும் ஒரே சுருதியில் வரும்வரை விடவில்லை.

இரண்டரை வருடம். 13 ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். ஒரு கம்பி உடையவில்லை. நெளிவு எடுக்க ஒரு தடவைதான் கொண்டுபோனேன். சோளகக் காலத்தில் முகத்தில் அறையும் காற்றுக்கு எதிராக எழுந்து நின்று மிதித்தாலும் பின்சில்லில் ஒரு முனகல் இல்லை. அந்த அமைதி எனக்குப் பெரிய சந்தோசம். அதற்கு முன் ஒவ்வொரு நாளும் "டிக்" என்ற சத்தத்துக்குக் காது கொடுத்தபடியேதான் பாலம் தாண்டுவேன்.

அப்புறம், போன மாதம் மண்கும்பானில் ஒரு பனங்கருக்கு மட்டை சில்லுக்குள் போனது. வலது பக்கம் நாலு கம்பி வளைந்தன. கம்பியில் குற்றமில்லை, எந்தக் கம்பியும் வளைந்திருக்கும். ஆனால் அந்த அளவில் மெலிந்த கம்பி யாழ்ப்பாணத்தில் நான் தேடிய எந்தக் கடையிலும் இல்லை. கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறது என்றார்கள். வந்த பொதியைப் பிரித்தால் 4 மில்லிமீற்றர் நீளம் கூட. திருப்பி அனுப்பி, போன் எடுத்து, "நாளைக்கு" கேட்டுக் கேட்டுப் பன்னிரண்டு நாள். இரண்டு பஸ் மாறிப் பாடசாலைக்குப் போய், மூன்று நாள் முதல் பாடத்துக்குப் பிந்தினேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே நண்பா, இதைவிட நல்ல கம்பியை நான் பாவித்ததில்லை; நீ இதை வாங்காதே. துருப்பிடிக்காத 2.0 நேர்க்கம்பி, அதாவது நடுவிலும் மெலியாதது, வாங்கு, பித்தளை நிப்பிள், இரண்டு பக்கத்துக்கும் நீளத்தை அளந்து. மிச்சக் காசை இணுவில் ஐயாவின் கூலிக்குக் கொடு. ஒன்று போனால் அன்று பின்னேரமே சுன்னாகத்தில் வாங்கலாம்.

என் சில்லிலும் இப்போது நாலு நேர்க்கம்பி இருக்கிறது, கடைசியில் ஐயா அதைத்தான் போட்டார். தட்டிப் பார்த்தால் அந்த நாலு மட்டும் சற்றுத் தாழ்ந்து ஒலிக்கின்றன. தடிப்புக் கூடினால் அப்படித்தான், இழுவை சரி என்கிறார். விளங்குகிறது. ஆனாலும் காலையில் காற்று அடிக்கக் குனியும்போதெல்லாம் விரல் அந்த நாலுக்குத்தான் போகிறது.