தல்லித் துவைக்க டிரை கிளீனிங்கா, கைத்துவையலா?

இஸ்ரேலின் பினே பிராக் நகரில் ஒரு யூதப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தபோது, மாத்திரை அட்டவணையைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது அவருடைய தல்லித்தான். காலை ஜெபத்துக்குப் போர்த்திக்கொள்ளும் வெள்ளைக் கம்பளிச் சால்வை அது. கறுப்புக் கோடுகள், நான்கு மூலையிலும் சிட்சித் என்ற நூல் தொங்கல். தமிழ் பைபிளில் எண்ணாகமம் 15:38 சொல்லும் 'தொங்கல்' இந்தச் சிட்சித்தான். கழுத்துப் பக்கம் பழுப்பேறிக் கிடந்தது. "கடையில் கொடு" என்றார் சபா (தாத்தாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறோம்). அவர் மகளோ "வீட்டிலேயே அலசிவிடு" என்றார். இரண்டையும் செய்து பார்த்தாகிவிட்டது.

டிரை கிளீனிங்கில் தண்ணீர் கிடையாது, ரசாயனக் கரைப்பான்தான். அதனால் கம்பளி சுருங்காது, கறுப்புக் கோட்டின் சாயமும் வெள்ளையில் இறங்காது. தலை எண்ணெய், தோல் பிசுக்கு எல்லாம் நன்றாகவே போய்விடும். ஆனால் வியர்வை உப்பு தண்ணீரில் கரைகிற சாமான். கடையிலிருந்து வந்த தல்லித்தில் பிசுக்கு போயிருந்தது, மஞ்சள் அப்படியே இருந்தது. பல கடைகளில் பயன்படும் பெர்க்ளோரோஎத்திலீன் வாடை வேறு. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் இதை டிரை கிளீனிங்கிலிருந்து 10 ஆண்டுகளில் படிப்படியாக விலக்க விதியே போட்டார்கள். வந்ததும் ஒரு நாள் காற்றாட விடாமல் பெரியவர் தோளில் போடாதீர்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை, இயந்திரத்தின் உருளை. ஒவ்வொரு மூலையிலும் எட்டு இழை தொங்கும். நான் கொடுத்தது சாதாரணக் கடை. திரும்பி வந்தபோது இழைகள் சடைபிடித்திருந்தன, ஒன்று மூலையை ஒட்டியே அறுந்திருந்தது. பினே பிராக்கில் தல்லித் வெளுத்துப் பழகிய கடைகள் உண்டு. "சிட்சித்தைக் கட்டிவிட்டுத்தானே போடுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அடுத்த கடை.

கைத்துவையலில் செலவு குறைவு, கவனம் அதிகம். கம்பளி ஒரு புரதம். என்சைம் கலந்த சலவைத்தூள் அதை அரித்துவிடும், குளோரின் ப்ளீச் நாசமாக்கிவிடும். சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி தடித்துச் சுருங்கும். குளிர்ந்த தண்ணீர், கம்பளிக்கான திரவ சோப்பு, பத்து நிமிட ஊறல், உள்ளங்கையால் லேசாக அமுக்கல், அவ்வளவுதான். நான்கு மூலையையும் மூலைக்கொரு பழைய காலுறைக்குள் விட்டு ரப்பர் பேண்ட் போட்டேன். ஒரு இழைகூடச் சிக்கவில்லை. பிழியவே கூடாது. துண்டில் சுருட்டி அழுத்திவிட்டு, நிழலில் படுக்கவைத்துக் காயவிட வேண்டும். கொடியில் போட்டால் ஈரக்கனத்தில் இழுத்துக்கொள்ளும். மஞ்சள் பாதிக்குமேல் போய்விட்டது.

வாஷிங் மெஷினா? பருத்தி, பாலியஸ்டர் தல்லித்துக்கு வலைப்பையில் போட்டுப் பார்க்கலாம். கம்பளிக்கு நான் துணியமாட்டேன்.

என் கணக்கு இதுதான்: வியர்வைக்குத் தண்ணீர், பிசுக்குக்குக் கடை. கழுத்துப் பட்டையில் வெள்ளி வேலை இருந்தாலும் கடைதான். தெஃபிலின் (ஜெபத்தின்போது கையிலும் தலையிலும் கட்டும் வேத வசனப் பெட்டிகள்) தோல்வாரின் கறுப்பு ஒட்டியிருந்தால் வீட்டில் தேய்க்கப் போகாதீர்கள், இன்னும் பரவும். ஓய்வுநாளிலும், திஷா பேஆவ் என்ற துக்க நோன்புக்கு முந்தைய நாட்களிலும் இந்த வீட்டில் துணியே துவைப்பதில்லை. அதையும் கேட்டுக்கொண்டு நாள் பாருங்கள்.

அறுந்த இழைக்கு என்ன ஆயிற்று? நானே கட்டித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். சபா சிரித்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். யூதரல்லாதவர் கட்டினால் சிட்சித் செல்லாதாம். சாயங்காலம் பேரன் புதிய இழைகளோடு வந்து, ஐந்து முடிச்சு, நடுவில் ஏழு, எட்டு, பதினொன்று, பதின்மூன்று சுற்று என்று எண்ணிக் கட்டினான். கழற்றிய பழைய இழைகளைப் பெரியவர் குப்பையில் போடவிடவில்லை. இப்போது அவருடைய ஜெபப் புத்தகத்தில் பக்க அடையாளம் அவைதான்.